லாரி ஓட்டுநரின் உறக்கம்: சட்டம் தந்ததும் தராததும்

புதுதில்லி: தலைநகரின் வடமேற்கு எல்லையில், கர்னால் சாலையை ஒட்டி அமைந்திருக்கிறது சஞ்சய் காந்தி டிரான்ஸ்போர்ட் நகர். நாட்டின் எல்லா மாநிலப் பதிவெண்களையும் ஒரே இடத்தில் பார்க்க வேண்டுமானால் இங்கே வரலாம். பஞ்சாப், ஹரியாணா, ராஜஸ்தான் லாரிகளுக்கு நடுவே நாமக்கல்லின் டி.என். 28, திருச்செங்கோட்டின் டி.என். 34 எண்களும் தென்படும். கனரக லாரிகள் பகல் வேளையில் தில்லி நகருக்குள் நுழையக் கட்டுப்பாடு இருப்பதால், சரக்குடன் வந்த வண்டிகள் இரவு வரை காத்துக் கிடக்கின்றன. அதாவது, இரவெல்லாம் ஓட்டி வந்தவர் உறங்கவேண்டிய நேரம், மே மாதத்துப் பகல் பன்னிரண்டு மணி. உறங்கவேண்டிய இடம், வெயிலில் நிற்கும் ஓர் இரும்புப் பெட்டி.

அந்தப் பெட்டியைப் படுக்கக்கூடிய இடமாக்குவது யார் பொறுப்பு? உரிமையாளருடையதா, வண்டியைத் தயாரிக்கும் நிறுவனத்துடையதா, அரசினுடையதா? இந்தக் கேள்விக்கு நாடாளுமன்றம் 60 ஆண்டுகளுக்கு முன்பே ஒரு பதிலைச் சொல்லியிருக்கிறது. நடைமுறையில் அந்தப் பொறுப்பை ஏற்றுக்கொண்டவரோ ஓட்டுநர்தான். கையில் கிடைத்த ஒட்டுப்பலகை, தெர்மோகோல், ஈரச் சாக்கு, பழைய மின்விசிறி ஆகியவற்றைக் கொண்டு தமது உறக்கத்துக்கு அவரே வழிசெய்துகொள்கிறார்.

1961ஆம் ஆண்டு நிறைவேற்றப்பட்ட மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம், தொழிலாளர் இரவில் தங்க நேரும் ஒவ்வோர் இடத்திலும் அவர்களுக்கு ஓய்வறை அமைத்துத் தரும் கடமையை முதலாளியின் மீது சுமத்தியது. அறை வெளிச்சமும் காற்றோட்டமும் உள்ளதாக, தூய்மையாக இருக்கவேண்டும் என்றும் விதித்தது. ஆனால் அதே பிரிவில், ஓய்வறை இல்லாவிட்டால் "பொருத்தமான மாற்று இடவசதி" என்ற பொருளில் ஒரு சொற்றொடரும் இடம்பெற்றது. பேருந்து நிறுவனங்கள் பணிமனைகளில் ஓய்வறை கட்டின. லாரித் தொழிலிலோ வண்டியின் கேபினே அந்த மாற்று இடவசதியாகிவிட்டது. ஐந்து தொழிலாளர்களுக்குக் குறைவாக உள்ள நிறுவனங்களுக்கு இச்சட்டமே பொருந்தாது என்ற விலக்கும் சேர்ந்துகொண்டது. ஒன்றிரண்டு லாரிகள் மட்டுமே வைத்திருக்கும் சிறு உரிமையாளர்கள் நிறைந்த தொழிலில் இந்த விலக்கின் பொருள் என்னவென்று விளக்கத் தேவையில்லை.

கேபினில் உறங்குவதை விதியாகவே எழுதிவைத்தது, 1989ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகள். நேஷனல் பெர்மிட் பெற்ற லாரியில் குறைந்தது இரண்டு ஓட்டுநர்கள் இருக்கவேண்டும். ஓட்டுநர் இருக்கைக்குப் பின்னால், மாற்று ஓட்டுநர் உடலை நீட்டிப் படுத்து உறங்கத்தக்க வகையில், வண்டியின் முழு அகலத்துக்கும் ஓர் இருக்கை அமைக்கப்படவேண்டும் என்று 90ஆவது விதி கூறியது. இலகு ரக, நடுத்தர வாகனங்களுக்கு இதிலிருந்து விலக்கு உண்டு. ஒருவர் ஓட்ட, ஒருவர் உறங்க, வண்டி நிற்காமல் செல்லும் என்பதே விதி கண்ட கனவு. இரண்டாவது ஓட்டுநருக்கான சம்பளத்தை உரிமையாளர்கள் சுமையாகவே கருதினர். பிற்காலத் திருத்தத்தில் இரண்டாவது ஓட்டுநர் கட்டாயம் தளர்த்தப்பட்டது. படுக்கை மட்டும் தங்கிவிட்டது. வட மாநிலங்களில் ஓட்டுநரை "உஸ்தாத்" என்றழைக்கும் கலாசி, நம் ஊர் வழக்கில் கிளீனர், அந்தப் படுக்கையில் பாதிக்கு உரிமை கொண்டாடுகிறார். பல வண்டிகளில் இப்போது அவரும் இல்லை.

கூண்டு கட்டும் ஊர்கள்

இந்தப் படுக்கை எங்கே பிறக்கிறது என்பதை அறிய, லாரி எப்படி உருவாகிறது என்று பார்க்கவேண்டும். இந்தியாவில் நெடுங்காலமாகத் தொழிற்சாலைகள் முழு லாரியை விற்கவில்லை. எஞ்சின், சட்டம், சக்கரம், ஸ்டியரிங், முன்பக்கத் தகடு ஆகியவை மட்டுமே கொண்ட சேஸிஸைத்தான் விற்றன. கூரையோ கதவோ இல்லாத அந்த எலும்புக்கூட்டில் ஒரு தற்காலிக இருக்கையைக் கட்டிக்கொண்டு, தலையில் துண்டைச் சுற்றியபடி பல நூறு கிலோமீட்டர் ஓட்டிச்செல்லும் ஓட்டுநர்களை நெடுஞ்சாலைகளில் பார்க்காதவர் இருக்கமுடியாது. அவர்கள் சென்றடையும் இடங்கள், வடக்கே பஞ்சாபின் சிர்ஹிந்து போன்ற ஊர்கள். தெற்கே நாமக்கல், திருச்செங்கோடு, சங்ககிரி. அங்குள்ள பட்டறைகளில்தான் கேபினும் சரக்கு ஏற்றும் கூண்டும் கட்டப்படுகின்றன.

பட்டறையில் கட்டப்படும் கேபினில் ஓர் அனுகூலம் உண்டு. உரிமையாளரும், அவர் அனுமதித்தால் ஓட்டுநரும், அருகில் நின்று தமக்கு வேண்டியதைச் சொல்லிச் செய்துகொள்ளலாம். படுக்கையை நான்கு விரல் அகலப்படுத்தலாம். அதன் அடியில் அரிசி, பருப்பு, அடுப்பு வைக்கப் பெட்டி அமைக்கலாம். கூரையின் கீழே இரண்டாவது பரண் ஒன்றைத் தொங்கவிடலாம். பக்கவாட்டில் குழாயுடன் கூடிய தண்ணீர்த் தொட்டி பொருத்தலாம். நாமக்கல்லிலிருந்து தில்லிக்கு ஏறத்தாழ 2,500 கிலோமீட்டர். சரக்குடன் செல்லும் வண்டிக்கு ஐந்தாறு நாள் பயணம். திரும்பும் சுமை கிடைக்கும் வரையிலான காத்திருப்பையும் சேர்த்தால், மாதத்தில் பெரும்பகுதி நாள்கள் ஓட்டுநரின் முகவரி அந்தக் கேபின்தான்.

பட்டறைக் கேபினின் குறையும் அதே சுதந்திரத்தில்தான் இருக்கிறது. மோதினால் எவ்வளவு தாங்கும் என்று சோதிக்கப்படாத மரமும் தகடும் சேர்ந்த அமைப்பு அது. லாரிக் கேபின், கூண்டு ஆகியவற்றின் கட்டமைப்புக்காக ஏ.ஐ.எஸ். 093 என்ற தரவிதி வகுக்கப்பட்டதன் காரணம் இதுவே. முழுக் கேபினுடன் வெளிவரும் லாரிகளும் இதற்கிடையே வந்துவிட்டன. 1998இல் பெங்களூரை அடுத்த ஹொசகோட்டையில் வோல்வோ நிறுவனமும், 2012இல் சென்னையை அடுத்த ஒரகடத்தில் டெய்ம்லர் நிறுவனமும் ஆலை தொடங்கியபின், தொழிற்சாலையில் கட்டிய கேபின் என்பது இந்திய ஓட்டுநர்களுக்குக் கேள்விப்பட்ட பொருளாயிற்று. ஆனாலும் சாலைகளில் ஓடும் பழைய லாரிகளில் பட்டறைக் கேபின்களுக்குப் பஞ்சமில்லை.

வெயிலுக்கும் குளிருக்கும் கைவைத்தியம்

கேபினுக்கு வெப்பம் இரண்டு பக்கமிருந்து வருகிறது. மேலே, வெயிலில் காயும் தகட்டுக் கூரை. கீழே, பல வண்டிகளில் இரு இருக்கைகளுக்கும் நடுவே மேடாக எழும்பி நிற்கும் எஞ்சின் மூடி. வண்டியை நிறுத்திய பிறகும் பல மணி நேரத்துக்கு அந்த மேடு சூட்டை வெளியிட்டுக்கொண்டே இருக்கும். ஓட்டுநர்கள் முதலில் கைவைப்பது இந்த இரண்டின் மீதுதான். கூரைக்கும் உள்பக்க ஒட்டுப்பலகைக்கும் நடுவே தெர்மோகோல் அட்டையைச் செருகுகிறார்கள். கூரையின் மேல் வெள்ளை வண்ணம் பூசுகிறார்கள். வசதியுள்ள இடத்தில் சாக்கை நனைத்துப் போடுகிறார்கள். எஞ்சின் மூடியைக் கனத்த கம்பளித் துணியாலும் ரெக்ஸினாலும் போர்த்துகிறார்கள். வடக்கே வெட்டிவேர்த் தட்டியை ஜன்னலில் கட்டித் தண்ணீர் தெளிக்கும் வழக்கமும் உண்டு. காற்று வறண்டிருக்கும் ஏப்ரல், மே மாதங்களில் இது ஓரளவு பயன் தரும். மழைக்காலம் தொடங்கிக் காற்றில் ஈரம் ஏறியதும் ஈரச் சாக்கும் வெட்டிவேரும் பயனற்றுப் போகும். புழுக்கம் கூடுவதுதான் மிச்சம்.

அடுத்தது மின்விசிறி. லாரியின் மின்சாரம் 24 வோல்ட். இரண்டு 12 வோல்ட் பாட்டரிகளைத் தொடராக இணைத்து அதைப் பெறுகிறார்கள். சந்தையில் மலிவாகக் கிடைக்கும் கார் மின்விசிறியும் பாட்டுக்கருவியும் 12 வோல்ட்டில் இயங்குபவை. ஆகவே இரண்டு பாட்டரிகளில் ஒன்றிலிருந்து மட்டும் கம்பி இழுத்துவிடுகிறார்கள். கேட்பதற்குச் சாமர்த்தியமாகத் தோன்றும் இந்த ஏற்பாடுதான் பாட்டரிகளைக் கொல்கிறது. ஒரு பாட்டரி மட்டும் மின்சாரத்தை இழக்கிறது. ஆனால் ஓடும்போது ஆல்டர்னேட்டர் இரண்டையும் ஒன்றாகவே கருதி மின்னேற்றுகிறது. ஒன்று எப்போதும் அரைவயிறாகக் கிடக்க, மற்றொன்று அளவுக்கு மீறி மின்னேற்றம் பெற்றுச் சூடேறுகிறது. சில மாதங்களில் இரண்டுமே பயனற்றுப் போகின்றன. 24 வோல்ட்டை 12 ஆகக் குறைத்துத் தரும் சிறிய மாற்றி ஒன்றைப் பொருத்தினால் இந்த நட்டம் நேராது. பட்டறைகளிலும் இது தெரியாததல்ல. வாங்கித் தரவேண்டியவர் உரிமையாளரா ஓட்டுநரா என்பதில்தான் காரியம் நின்றுபோகிறது.

இதைவிட ஆபத்தானது, ஃபியூஸ் இல்லாமல் இழுக்கப்படும் கம்பி. தகட்டில் உராய்ந்து உறை கிழியும் கம்பி ஒன்று போதும். ஒட்டுப்பலகை, தெர்மோகோல், ரெக்ஸின், பஞ்சு மெத்தை என்று எளிதில் பற்றும் பொருள்களாலேயே நிறைந்த அறையில் மனிதர் உறங்கிக்கொண்டிருக்கிறார். பாட்டரி முனைக்கு அருகிலேயே ஃபியூஸ் வைப்பது, கம்பி தகட்டைத் துளைத்துச் செல்லும் இடத்தில் ரப்பர் வளையம் போடுவது ஆகியவை மிகச் சிறிய செலவில் முடியும் வேலைகள்.

வட இந்தியாவின் குளிர்காலத்தில் ஆபத்து வேறு வடிவெடுக்கிறது. டிசம்பர், ஜனவரி மாதங்களின் மூடுபனியில் வண்டிகள் சாலையோரங்களில் வரிசையாக நின்றுவிடும். கேபினுக்குள் கரிக் கணப்புச் சட்டியை வைத்து, ஜன்னல்களை இறுக மூடிக்கொண்டு படுப்பவர்கள் உண்டு. அரைகுறையாக எரியும் கரியிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடுக்கு மணமோ நிறமோ கிடையாது. அது உறங்குபவரை எழுப்பாது. மேலும் ஆழ்ந்த மயக்கத்தில் ஆழ்த்தும். இவ்வாறு நேர்ந்த சாவுகள் குளிர்காலந்தோறும் வட மாநில நாளேடுகளில் சில வரிச் செய்திகளாக வந்து மறைகின்றன.

ஏன் கேபினிலேயே?

இவ்வளவு அல்லல்பட்டு வண்டிக்குள்ளேயே உறங்குவானேன், வெளியே ஓர் இடத்தில் படுக்கலாமே என்று கேட்கத் தோன்றும். வெளியே படுத்தால் காலையில் டீசல் இருக்காது. ஸ்டெப்னி சக்கரமோ பாட்டரியோ காணாமற் போயிருக்கும். தார்ப்பாயைக் கிழித்துச் சரக்கை இறக்கியிருப்பார்கள். இழப்பு ஓட்டுநரின் கணக்கில் எழுதப்படும் என்ற அச்சம் தொழில் முழுவதும் பரவியிருக்கிறது. ஆகவே கேபினில் படுப்பவர் உறங்குபவர் மட்டுமல்ல, ஊதியமில்லாக் காவலாளியும் அவரே.

சட்டம் தடுமாறும் இடம் இதுதான். 1961ஆம் ஆண்டுச் சட்டம் நாளொன்றுக்கு 8 மணி நேரம், வாரத்துக்கு 48 மணி நேரம் என்று வேலை நேரத்தை வரையறுத்தது. ஒரு நாள் பணி முடிந்து மறுநாள் பணி தொடங்குவதற்குள் தொடர்ச்சியாக 9 மணி நேர ஓய்வும் தரப்படவேண்டும். மோட்டார் வாகனச் சட்டத்தின் 91ஆவது பிரிவு, சரக்கு வாகனம் ஓட்டும் அனைவருக்கும் இந்த நேர வரம்பைப் பொருத்தியது. ஆனால் முனையத்தில் வெறுமனே காத்திருக்கும் நேரத்தில் 15 நிமிடத்துக்குக் குறைவான இடைவெளிகளே வேலைநேரமாக எண்ணப்படும் என்று வரையறை கூறியது. சந்தை வாசலில் 15 மணி நேரம் சரக்கைக் காத்து நிற்பவர், சட்டத்தின் பார்வையில் வேலை செய்யவில்லை. அப்படியானால் அது ஓய்வா? ஒரு கண்ணை மூடி, மறு கண்ணால் தார்ப்பாயைப் பார்த்துக்கொண்டிருப்பவரின் ஓய்வு எத்தகையது என்பதை வரையறை எழுதியவர்கள் ஆராய்ந்ததாகத் தெரியவில்லை. அந்தச் சட்டம் இப்போது தனியாக இல்லை. 2020இல் நிறைவேறி, 2025 நவம்பர் 21ஆம் தேதி நடைமுறைக்கு வந்த பணியிடப் பாதுகாப்பு, சுகாதாரம், பணிச்சூழல் தொகுப்புச் சட்டத்தில் அது கரைந்துவிட்டது.

மாற்று ஏற்பாடே இல்லை என்று கூறிவிட முடியாது. பொதுத்துறை எண்ணெய் நிறுவனங்கள் தமது பெட்ரோல் நிலையங்களில் "அப்னா கர்" என்ற பெயரில் படுக்கை, குளியலறை, சமையலிடம் கொண்ட ஓய்வில்லங்களை நடத்துகின்றன. 2025ஆம் ஆண்டின் நடுப்பகுதியில் 360க்கும் மேற்பட்ட இடங்களில் ஏறத்தாழ 4,600 படுக்கைகள் இருந்தன. முதற்கட்டமாக 1,000 நவீன ஓய்வகங்கள் அமைக்கப்படும் என்று 2024 பிப்ரவரியில் பிரதமர் நரேந்திர மோடி தில்லியில் நடந்த வாகனக் கண்காட்சியில் அறிவித்தார். நல்ல முயற்சிதான். ஆனால் நாடு முழுவதும் 4,600 படுக்கை என்பது, பெரிய சந்தைகள் சிலவற்றின் வாசலில் ஒரே இரவில் நிற்கும் லாரிகளுக்கே போதாது. மேலும், வண்டியை யார் பார்த்துக்கொள்வது என்ற கேள்விக்குப் படுக்கை மட்டும் விடையாகாது. காவலும் வெளிச்சமும் உள்ள நிறுத்துமிடம் அருகில் இருந்தால்தான் ஓட்டுநர் கேபினை விட்டு இறங்குவார்.

மாற்றம் செய்தால் சிறை

தம் செலவில் கேபினைச் சீர்செய்துகொள்பவருக்குச் சட்டம் துணை நிற்கிறதா என்றால், அதுவும் இல்லை. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆவது பிரிவு முதலில், பதிவு அலுவலரின் ஒப்புதலுடன் வாகனத்தில் மாற்றம் செய்ய இடமளித்திருந்தது. 2000ஆம் ஆண்டுத் திருத்தம் அந்தக் கதவைப் பெருமளவு சாத்தியது. பதிவுச் சான்றில் கண்ட விவரங்கள், தயாரிப்பாளர் முதலில் குறிப்பிட்டவற்றிலிருந்து மாறுபடும்படி எதுவும் செய்யக்கூடாது என்றாயிற்று. 2019 ஜனவரியில், கேரளத்திலிருந்து வந்த ஜெயச்சந்திரா வழக்கில், நீதிபதிகள் அருண் மிஸ்ரா, வினீத் சரண் ஆகியோர் கொண்ட உச்சநீதிமன்ற அமர்வு இந்த நிலையை உறுதிசெய்தது. அதே ஆண்டில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய திருத்தச் சட்டம், அனுமதியின்றி மாற்றம் செய்யும் உரிமையாளருக்கு ஆறு மாதம் வரை சிறை, அல்லது ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும் என்று 182ஏ பிரிவில் விதித்தது.

இந்தக் கடுமைக்கு நியாயம் உண்டு. கூண்டை உயர்த்தி அதிகச் சுமை ஏற்றுவதும், அகலத்தைக் கூட்டிப் பிறர் உயிருக்கு உலை வைப்பதும் தடுக்கப்படவேண்டியவையே. ஒரு மின்விசிறி மாட்டியதற்காக எவரும் சிறை செல்லப்போவதில்லை. ஆனால் பரண் அமைப்பது, தண்ணீர்த் தொட்டி பொருத்துவது, கேபினின் பின்சுவரைத் தள்ளிக் கட்டுவது என்று போகும்போது, எது அனுமதிக்கப்பட்ட பொருத்துதல், எது தண்டனைக்குரிய மாற்றம் என்பதைச் சாலையோரத்தில் வண்டியை நிறுத்தும் அலுவலரே தீர்மானிக்கிறார். அந்த அதிகாரம் எப்படிப் பயன்படுத்தப்படுகிறது என்பதை லாரித் தொழிலில் உள்ளவர்களுக்குச் சொல்லித் தரவேண்டியதில்லை.

வேடிக்கை என்னவென்றால், வாகனத்தில் உறங்குவதற்கென்றே விரிவான தரவிதி ஒன்று இந்தியாவில் இருக்கிறது. படுக்கை, மேசை, சமையல் வசதி கொண்ட மோட்டார் காரவனுக்கான ஏ.ஐ.எஸ். 124 அது. 2021இல் கேரள அரசு காரவன் சுற்றுலாக் கொள்கையை அறிவித்தபோது, சுற்றுலாப் பயணி வாகனத்தில் உறங்குவது வரவேற்கத்தக்க முதலீடாகப் பேசப்பட்டது. விடுமுறைக்காக இரண்டு இரவு வண்டியில் உறங்குபவரின் வசதியைப் பற்றி அரசுகள் எடுத்துக்கொண்ட அக்கறையில் ஒரு பங்கு, ஆண்டில் இருநூறு இரவு உறங்குபவருக்கும் கிடைத்திருக்கலாம்.

குளிரூட்டி வந்தது, ஆனால்...

2023 மே 22ஆம் தேதி இரவு காங்கிரஸ் தலைவர் ராகுல் காந்தி ஹரியாணாவில் ஒரு லாரியில் ஏறிப் பயணம் செய்தார். அடுத்த மாதம் அமெரிக்கா சென்றபோது வாஷிங்டனிலிருந்து நியூயார்க் வரை அங்குள்ள லாரி ஒன்றிலும் பயணித்து, இரு நாட்டு ஓட்டுநர்களின் வசதியையும் ஒப்பிட்டுப் பேசினார். அதே ஜூன் மாதம் 19ஆம் தேதி, லாரிக் கேபின்களில் குளிரூட்டியைக் கட்டாயமாக்கும் கோப்பில் தாம் கையெழுத்திட்டுவிட்டதாக சாலைப் போக்குவரத்து, நெடுஞ்சாலைத் துறை அமைச்சர் நிதின் கட்கரி அறிவித்தார். செலவு கூடும் என்று கூறித் தொழில் தரப்பினர் சிலர் நெடுநாளாக எதிர்த்து வந்ததையும் அவர் சுட்டிக்காட்டினார். ஒன்றின் விளைவே மற்றொன்று என்று சொல்ல ஆதாரமில்லை. இரு தரப்பினரும் பெருமையைத் தமதாக்கிக்கொண்டனர் என்பது வேறு செய்தி.

2023 டிசம்பரில் இறுதி அறிவிக்கை வெளிவந்தது. 2025 அக்டோபர் 1ஆம் தேதி முதல் தயாரிக்கப்படும் என்2, என்3 வகை லாரிகளின், அதாவது மூன்றரை டன்னுக்கு மேற்பட்ட மொத்த எடை கொண்டவற்றின், கேபினில் குளிரூட்டி இருந்தாகவேண்டும். இந்தியத் தொழிலாளர் நலனில் இது பெரிய முன்னேற்றம் என்பதில் ஐயமில்லை. 45 டிகிரி வெப்பத்தில் நாளெல்லாம் ஓட்டுபவரின் களைப்பைக் குறைப்பது விபத்தையும் குறைக்கும்.

ஆனால் லாரியின் குளிரூட்டி பொதுவாக எஞ்சினின் பட்டையால் இயங்குவது. எஞ்சின் ஓடினால் குளிரும், நின்றால் நின்றுவிடும். ஓட்டுநர் உறங்குவதோ வண்டி நிற்கும்போது. எஞ்சினை ஓடவிட்டு உறங்கலாம் என்றால், அதற்கு எரியும் டீசல் யாருடையது? நடைக்கு இவ்வளவு டீசல் என்று கணக்கிட்டே பல உரிமையாளர்கள் தருகிறார்கள். மிஞ்சிய செலவு ஓட்டுநர் தலையில் விழும். நின்ற வண்டியில் பாட்டரியைக் கொண்டே இயங்கும் குளிரூட்டிகள் சந்தையில் உள்ளன. சிறிய மின்விசிறி ஒன்று ஓர் ஆம்பியர் அளவு மின்சாரத்தில் இரவைக் கழித்துவிடும். இந்தக் குளிரூட்டிக்கு அதைப்போல் இருபது முப்பது மடங்கு தேவை. வண்டியின் சொந்த பாட்டரியை மட்டும் நம்பினால் சில மணி நேரத்தில் அது வறண்டு, காலையில் எஞ்சின் கிளம்பாது. கூடுதல் பாட்டரி வேண்டும். அதன் எடையையும் விலையையும் யாராவது ஏற்கவேண்டும். அறிவிக்கை ஓட்டும் மனிதரை நினைத்திருக்கிறது. படுத்திருக்கும் மனிதர் இன்னமும் தெர்மோகோலையும் ஈரச் சாக்கையுமே நம்பியிருக்கிறார். 2025 அக்டோபருக்கு முன் தயாரான லட்சக்கணக்கான லாரிகளுக்கு அந்த அறிவிக்கையும் இல்லை.

கைவேலையின் மற்றொரு பகுதி வேறு காரணத்தால் சுருங்கி வருகிறது. இரும்புக் கம்பியால் டயரைத் தட்டி ஓசையிலிருந்து காற்றின் அளவை அறிவது, காற்றுத் தொட்டியில் சேரும் நீரை வடிப்பது, லீஃப் ஸ்பிரிங் இணைப்புகளுக்கு கிரீஸ் இடுவது, பிரேக் இடைவெளியைத் திருகிச் சரிசெய்வது ஆகியவை ஒரு காலத்தில் ஓட்டுநரும் கிளீனரும் அன்றாடம் செய்தவை. இவற்றில் பல இன்னும் தொடர்கின்றன. ஆனால் 2020 ஏப்ரல் 1ஆம் தேதி பி.எஸ். 6 மாசுத் தரம் வந்தபின், எஞ்சின் கோளாற்றைக் கணினி இணைத்துத்தான் கண்டறிய முடிகிறது. புகையைச் சுத்திகரிக்கும் யூரியாக் கரைசல் தீர்ந்தாலோ, உணர்வுக்கருவி ஒன்று பழுதானாலோ, எஞ்சின் தன் வலுவைத் தானே குறைத்துக்கொள்ளும். ராஜஸ்தானத்துச் சாலையில் நள்ளிரவில் அப்படி நிற்கும் வண்டியில், திருப்புளியுடன் இறங்கி ஓட்டுநர் செய்யக்கூடியது அதிகமில்லை. நிறுவனத்தின் சர்வீஸ் வண்டி வரும் வரை கேபினில் காத்திருப்பதே வேலை. காற்று மாசு குறைந்ததில் நாட்டுக்கு ஆதாயம்; காத்திருப்பு கூடியதில் ஓட்டுநருக்கு நட்டம். அந்தக் காத்திருப்பும் வேலைநேரக் கணக்கில் ஏறுவது அரிது.

உறக்கமின்மையின் விலை என்ன என்பது அரசுக்குத் தெரியாததல்ல. சேவ் லைஃப் அறக்கட்டளை பத்து நகரங்களில் நடத்தி 2020இல் வெளியிட்ட ஆய்வில், களைப்பும் உறக்கமும் மிகுந்த நிலையிலும் வண்டியை ஓட்டுவதாக ஏறத்தாழ பாதி ஓட்டுநர்கள் ஒப்புக்கொண்டனர்.  2021 செப்டம்பரில் அமைச்சர் கட்கரி, விமானிகளுக்கு இருப்பதுபோல் லாரி ஓட்டுநர்களுக்கும் ஓட்டும் நேரத்தை வரையறுக்கவேண்டும், உறக்கத்தைக் கண்டறியும் கருவியை லாரிகளில் பொருத்தவேண்டும் என்று கருத்துத் தெரிவித்தார். நேர வரையறை 1961 முதலே சட்டத்தில் இருந்தது என்பதை அப்போது எவரும் நினைவூட்டியதாகத் தெரியவில்லை.

தண்டனைப் பிரிவுகள் மட்டும் விரைவாக எழுதப்பட்டன. விபத்து ஏற்படுத்திவிட்டுத் தகவல் தராமல் தப்புவோருக்கு 10 ஆண்டு வரை சிறை விதிக்கும் பாரதிய நியாய சன்ஹிதாவின் 106(2) பிரிவு, 2023 டிசம்பரில் எதிர்க்கட்சி உறுப்பினர்கள் பெருமளவில் இடைநீக்கம் செய்யப்பட்டிருந்த அவைகளில் நிறைவேறியது. 2024 ஜனவரி 1, 2 தேதிகளில் ஓட்டுநர்கள் வண்டிகளை நிறுத்திவிட்டு இறங்கினர். பெட்ரோல் நிலையங்களில் வரிசை நீண்டது. அன்றைய உள்துறைச் செயலர் அஜய் பல்லா, அகில இந்திய மோட்டார் போக்குவரத்து காங்கிரஸ் நிர்வாகிகளுடன் இரவு பேச்சு நடத்தி, கலந்தாலோசித்த பிறகே பிரிவு செயல்படுத்தப்படும் என்று உறுதியளித்தார். 2024 ஜூலை 1ஆம் தேதி புதிய சட்டம் நடைமுறைக்கு வந்தபோது அந்த ஒரு பிரிவு மட்டும் ஒதுக்கி வைக்கப்பட்டது. இரண்டு நாள் வேலைநிறுத்தத்தின்போது ஓட்டுநர்களின் சிறைத் தண்டனை பற்றி அரசு பேசியது. அவர்கள் அந்த இரண்டு இரவும் எங்கே படுத்திருந்தார்கள் என்பது பேச்சுவார்த்தையின் பொருளாகவில்லை.